வீட்டுக்குப் போகும் செய்தி

(ஒரு கிராமத் தொடக்கப் பள்ளியின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

ஆண்டு விழாவுக்கு அழைக்கப்பட்டு வருகிறவர் கல்வியின் மேன்மையை விரித்துரைத்து, பரிசுகளை வழங்கி, வாழ்த்திவிட்டுப் போவது வழக்கம். கல்வியின் மேன்மையை இந்த ஊர் ஜனங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. பொழுது விடியுமுன் எழுந்து, அடுப்பு மூட்டி, பிள்ளைக்குத் தலைவாரிவிட்டு, அதன் பிறகே களை எடுக்கப் போகிற தாய்மார்கள் அதை என்னைவிட நன்றாக அறிவார்கள். ஆகவே, முப்பத்து நான்கு வருஷ காலம் தொடக்கப் பள்ளிகளிலேயே உபாத்தியாயனாக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு அனுபவத்தினால் தெளிவான ஒரு விஷயத்தை மட்டும் இன்று உங்கள் முன் வைக்க அனுமதி வேண்டுகிறேன். பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையே மரியாதை வளர்வதும் வாடுவதும், அவ்விரண்டுக்கும் நடுவே என்ன செய்தி போய்வருகிறது, அது எந்தக் குரலில் சொல்லப்படுகிறது என்பதைப் பொறுத்திருக்கிறது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இனி வருவதெல்லாம் இதன் விளக்கம்.

திண்ணைப் பள்ளிக்கூடங்கள் நடந்த காலத்தில் உபாத்தியாயர் அந்த ஊரிலேயே குடியிருந்தார். அவருக்கு உரிய வருமானம் நெல்லாகவும் காசாகவும் பிள்ளைகளின் வீடுகளிலிருந்தே வந்தது. விஜயதசமியன்று புதிதாகச் சேரும் குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதுவித்தவரும் அவரே. நவராத்திரி நாட்களில் பிள்ளைகளுக்குக் கோலாட்டமும் பாட்டும் பழக்கி வீடு வீடாக அழைத்துச் சென்றவரும் அவரே. டாக்டர் உ. வே. சாமிநாதையர் தம் சுயசரிதத்தில் அக்காலத்துப் பள்ளி வாழ்க்கையை நமக்கு எழுதி வைத்துப் போயிருக்கிறார். அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தத் திண்ணையில் ஏறுவதற்கு எத்தனையோ குலத்துப் பிள்ளைகளுக்கு இடமே இருக்கவில்லை. பெண் குழந்தைகள் பெரும்பாலும் அடுப்பங்கரையிலேயே நின்றுவிட்டார்கள். பிரம்பு வேண்டிய அளவுக்கு மேலேயே பேசிற்று. ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எந்த வீட்டில் யாருக்குக் காய்ச்சல், எந்தப் பிள்ளையின் தகப்பனார் கடன்பட்டு வெளியூர் போனார் என்பதெல்லாம் உபாத்தியாயருக்குத் தெரிந்திருந்தது. அவர் எப்படிப்பட்டவர் என்பதும் ஊருக்குத் தெரிந்திருந்தது. செய்திக்கென்று தனியாக ஒரு வழி வகுக்க வேண்டிய தேவை அன்று எழவில்லை.

பிறகு சர்க்கார் பள்ளிகள் வந்தன. எல்லாக் குலத்துக் குழந்தைகளுக்கும் கதவு திறந்தது. அது நம் சமூக வரலாற்றில் நிகழ்ந்த மகத்தான காரியம். ஆனால் அதனுடன் கூடவே உபாத்தியாயர் வெளியூர்க்காரர் ஆனார். காலை பஸ்ஸில் வந்து மாலை பஸ்ஸில் போகிறவருக்கு, அவர் போனபின் ஊரில் நிகழ்வது எதுவும் தெரிவதில்லை. அவர் யார், அவருக்கு வீட்டில் என்ன கஷ்டம் என்பது ஊருக்கும் தெரிவதில்லை. தானாகவே நடந்துகொண்டிருந்த செய்திப் போக்குவரத்து அங்கே நின்றது. நின்றதை முயன்று மீண்டும் நடத்த வேண்டும் என்பதை நம் நாட்டில் கண்டுகொண்டவர்கள் சிலர் இருந்தார்கள்.

காமராஜர் முதலமைச்சராகவும் நெ. து. சுந்தரவடிவேலு பொதுக் கல்வி இயக்குநராகவும் இருந்த காலத்தில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் என்று ஓர் இயக்கம் நடைபெற்றதை இங்குள்ள முதியோர்களில் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். 1958ஆம் ஆண்டில் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் முதல் மாநாடு கூடிற்று. பின்னர் மாவட்டந்தோறும் பரவிற்று. அதன் முறை மிக எளிமையானது. எங்கள் பள்ளிக்குக் கரும்பலகை இல்லை, கடிகாரம் இல்லை, கூரை ஒழுகுகிறது, பிள்ளைகள் உட்காரப் பலகை வேண்டும் என்று இன்னின்ன தேவைகளைப் பட்டியலிட்டு ஊராரிடம் மனம்விட்டுச் சொன்னார்கள். சொன்னவுடன், ஒருவர் மணி வாங்கித் தந்தார். ஒருவர் நாற்காலி தந்தார். ஒருவர் நிலமே எழுதி வைத்தார். பணமில்லாதவர்கள் உடலுழைப்பைத் தந்தார்கள். அதற்குச் சற்று முன்னால், 1956இல் எட்டயபுரத்தில் தொடங்கி வைக்கப்பட்ட மதிய உணவுத் திட்டமும் ஊராரின் பிடியரிசியையும் நன்கொடையையும் நம்பியே முதலில் கால் ஊன்றிற்று. ஏழை ஜனங்கள் பள்ளிக்கு வாரிக் கொடுத்தார்களே, அதற்கு என்ன காரணம் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். சர்க்கார் தங்களிடம் கை நீட்டிக் கேட்டது என்பதைக் காட்டிலும், பள்ளியின் குறையைத் தங்களிடம் ஒளிக்காமல் சொன்னார்கள் என்பதே அவர்கள் மனத்தைத் தொட்டிருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். தம் குறையை நம்மிடம் சொல்லுகிறவர்களை நாம் அந்நியராக எண்ணுவதில்லை. வீட்டுக் கஷ்டத்தை உறவினரிடம்தான் சொல்லுவோம். சொன்ன மாத்திரத்திலேயே கேட்டவரும் உறவினர் ஆகிவிடுகிறார்.

இனி என் சொந்த வாழ்க்கையில் நான் செய்த பிழை ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மனத்தில் முள்ளாகத் தைத்து நிற்பதனால் அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம். மல்லிகை பயிரிடும் பிரதேசத்தில் ஒரு சிறு கிராமம். என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். தினமும் கசங்கிய சட்டையோடு, எண்ணெய் காணாத தலையோடு வருவான். கடைசி வரிசையில் சுவரை ஒட்டி உட்காருவான். நான் பாடம் சொல்லும்போது ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பான். கேள்வி கேட்டால் விழிப்பான். இளமையின் வேகத்தில் ஒரு நாள் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, “உங்கள் பையன் தினமும் அழுக்காக வருகிறான். பாடத்தில் கவனமே இல்லை. எவ்வளவு சொன்னாலும் காதில் வாங்குவதில்லை” என்று எழுதி, அவன் கையிலேயே கொடுத்தனுப்பினேன்.

அந்த வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் எவரும் இல்லை என்பதை நான் விசாரிக்கவில்லை. பையனின் தாய், மொட்டு அவிழுமுன் பறித்துச் சந்தைக்குச் சேர்க்க வேண்டிய பூவுக்காக, கையில் ஒரு டார்ச் விளக்கோடு இருட்டிலேயே தோட்டத்துக்குப் போய்விடுகிறவள் என்பதையும் விசாரிக்கவில்லை. பையனின் பாட்டி என் கடிதத்தை எடுத்துக்கொண்டு, படித்துக் காட்டச் சொல்லி, பெட்டிக்கடைக்குப் போயிருக்கிறாள். கடைக்காரர் அதை உரக்கப் படித்திருக்கிறார். சாயங்கால வேளையில் கடை வாசலில் யார் யார் இருப்பார்களோ அத்தனை பேரும் அதைக் கேட்டிருக்கிறார்கள்.

மறுநாள் காலையில் அந்த மூதாட்டி பள்ளிக்கு வந்தாள். செருப்பை வேப்பமரத்தடியில் கழற்றிவிட்டு, வகுப்பு வாசற்படிக்கு வெளியே நின்றாள். நான் உள்ளே வரச் சொல்லவில்லை என்பதை இன்று வெட்கத்தோடு நினைவுகூருகிறேன். “சார், கடையில எல்லாரும் இருக்கையில வாசிச்சாக. பரவாயில்ல. நீங்க எழுதினது வாஸ்தவந்தான், அவன் காதுல வாங்கமாட்டான். அவனுக்கு எடது காது கேக்காது சார். சின்னப் புள்ளையில சீழ் வடிஞ்சு போயிருச்சு. அத உங்ககிட்டச் சொல்லணும்னு எங்களுக்குத் தெரியல. யாரும் எங்களைக் கேக்கவும் இல்ல” என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. கோபித்துக்கொண்டிருந்தால் நான் எதிர்த்து ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன்.

அன்றே அவனை முன்வரிசைக்குக் கொண்டுவந்து, நல்ல காது என் பக்கம் இருக்கும்படி உட்காரவைத்தேன். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவனை அனுப்பவும் ஏற்பாடு செய்தோம். சில வாரங்களில் அவன் வாயைத் திறந்தான். ஒரு நாள் ஏழாம் வாய்ப்பாட்டைத் தட்டுத் தடங்கல் இல்லாமல் ஒப்பித்தான். அன்று இன்னொரு தாளை எடுத்து, “உங்கள் பேரன் இன்று ஏழாம் வாய்ப்பாட்டைப் பிழையில்லாமல் சொன்னான், வகுப்பில் அவனே முதலில் சொன்னான்” என்று எழுதிக் கொடுத்தேன். பாட்டி அதையும் அதே கடைக்கு எடுத்துக்கொண்டு போனாளாம். கடைக்காரர் படித்து முடித்ததும், “இன்னொருக்க வாசிங்க” என்றாளாம். கடைக்காரரே பிறகு எனக்குச் சொன்னார்.

அந்த இரண்டு தாள்களும் எனக்குக் கற்பித்ததைப் பயிற்சிப் பள்ளியில் நான் கற்றதில்லை. குற்றம் நேர்ந்தபோது மட்டும் பள்ளியிலிருந்து ஆள் வருமானால், ஆளைக் கண்டதுமே பெற்றோருக்கு வயிற்றைக் கலக்குகிறது. “சார் கூப்பிடுகிறார்” என்றால், “என்ன தப்புப் பண்ணினே?” என்று பிள்ளையின் முதுகில் முதலில் ஓர் அடி விழுகிறது, பிறகுதான் விஷயம் என்னவென்று கேட்கிறார்கள். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து உபாத்தியாயருக்குச் செய்தி வராது. வந்தாலும் சண்டையாகவே வரும். அதற்கு மாறாக, வருஷத் தொடக்கத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் முதலில் நல்ல செய்தி ஒன்று போய்ச் சேர்ந்துவிட்டால், பின்னால் ஒரு குறையைச் சொல்ல நேரும்போது, நம் பிள்ளையின் மேல் பிரியமுள்ளவர் சொல்லுகிறார் என்று அந்த வீடு செவிசாய்க்கிறது. ஆடி மாதம் முடிவதற்குள் வகுப்பில் உள்ள ஒவ்வொரு குழந்தையைப் பற்றியும் ஒரு நல்ல வார்த்தை அதன் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதை அன்று முதல் நான் விரதமாகக் கொண்டேன். பொய்யான புகழ்ச்சியைச் சொல்லவில்லை. கூர்ந்து பார்த்தால் நல்லது ஒன்று இல்லாத குழந்தை உலகத்தில் இல்லை. ஒருவன் அழிப்பானைக் கேட்காமலே பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுக்கிறான், ஒருத்தி குழாயை மூடாமல் போனவர்களுக்குப் பின்னால் போய் மூடிவிட்டு வருகிறாள். பார்க்கிற கண்தான் நமக்கு வேண்டும்.

அடுத்தபடியாக, சொல்லும் குரலைப் பற்றிச் சொல்லுகிறேன். தமிழில் மரியாதை வினைச்சொல்லின் விகுதியிலேயே குடியிருக்கிறது. “வா” என்பதற்கும் “வாங்க” என்பதற்கும் நடுவே ஒரு மனிதனின் மானம் நிற்கிறது. சலவை மடிப்போடு வருகிற தகப்பனாரை “வாங்க, உட்காருங்க” என்று வரவேற்கும் அதே வாய், சேற்றுக் காலோடு வருகிற தகப்பனாரை “என்னப்பா, வா, உன் பையன் சேதி தெரியுமா?” என்று ஒருமையில் அழைப்பதை நான் பல பள்ளிகளில் கேட்டிருக்கிறேன். அந்த வேளையில் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். வீட்டில் தனக்குப் பெரியவராக இருக்கிற தகப்பன், பள்ளியில் சிறியவராகிப் போனதை அது கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும். ஒன்று, அந்தப் பிள்ளை தகப்பனை இகழக் கற்றுக்கொள்ளும். இல்லையேல், உபாத்தியாயரை வெறுக்கக் கற்றுக்கொள்ளும். இரண்டில் எது நேர்ந்தாலும் அன்றைய பாடம் வீண். ஆகையால் பள்ளிக்கு வருகிற எவருக்கும் பன்மை விகுதியும் ஒரு நாற்காலியும் ஒரு செம்பு தண்ணீரும் கொடுப்பதைப் பள்ளியின் நித்திய தர்மமாகக் கொள்ள வேண்டும் என்று என் சகோதர உபாத்தியாயர்களைக் கேட்டுக்கொள்ளுகிறேன்.

இவ்வளவும் உபாத்தியாயர்களுக்குச் சொன்னேன். பெற்றோர்களாகிய உங்களுக்கும் சொல்ல எனக்கு உரிமை உண்டு. நீங்கள் அன்போடு கேட்பீர்கள் என்ற நம்பிக்கையும் உண்டு. பிள்ளை வீட்டுக்கு வந்து, “டீச்சர் அடிச்சாங்க” என்று சொன்னவுடனே, பாதி கட்டிய வேட்டியோடு பள்ளிக்கு ஓடிவந்து, நாற்பது குழந்தைகளின் முன்னால் அந்த ஆசிரியையைக் கூவி வைகிற தகப்பனார்களை நான் கண்டிருக்கிறேன். குழந்தையை அடிப்பதையும் மனம் நோகப் பேசுவதையும் சட்டம் தடைசெய்திருக்கிறது. அப்படி நடந்தால் கேட்க வேண்டியது உங்கள் கடமை. ஆனால் கேட்கும் முறை ஒன்று இருக்கிறது. வகுப்புக்கு வெளியே, தலைமையாசிரியரின் அறையில் உட்கார்ந்து, “என்ன நடந்தது, சொல்லுங்கள்” என்று தொடங்கினால் உண்மை வெளியே வரும். வகுப்பின் நடுவே நின்று கத்தினால், உங்கள் பிள்ளை நாளைக்கு அதே ஆசிரியையிடம் எந்த முகத்தோடு பாடம் கேட்கும்? வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பிள்ளையின் காதுபட உபாத்தியாயரை அவன் இவன் என்று பேசுகிற வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். நீங்கள் அவன் என்று சொன்னவர் சொல்லும் கணக்கை உங்கள் பிள்ளை எப்படி மதிக்கும்?

இன்னொன்று. உபாத்தியாயர் என்று சொல்லும்போது பாடம் நடத்துகிறவரை மட்டும் நினைக்கக் கூடாது. சத்துணவு அமைப்பாளர், சமையலர், உதவியாளர், முற்றத்தையும் கழிவறையையும் சுத்தம் செய்கிற அம்மாள் ஆகிய எல்லோருமே பள்ளியின் அங்கங்கள்தாம். 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் மதுரையில் தொடங்கிவைக்கப்பட்ட காலை உணவுத் திட்டத்தில், பல ஊர்களில் சுய உதவிக் குழுப் பெண்களே, அதாவது உங்கள் தெருவிலேயே இருக்கிற தாய்மார்களே, விடியற்காலையில் வந்து அடுப்பு மூட்டுகிறார்கள். சமைத்தவர் இன்ன குலத்தவர் என்பதற்காகத் தம் பிள்ளை அந்தச் சோற்றைத் தொடக் கூடாது என்று சொன்ன பெற்றோர்கள் நம் மாநிலத்தில் இருந்தார்கள் என்ற செய்தியைப் படித்தபோது, பசித்த குழந்தைகளுக்குச் சோறிடத்தான் பள்ளியில் அடுப்பு மூட்டினோம் என்பதை இவ்வளவு விரைவில் மறந்துவிட்டோமே என்று நெஞ்சு பதைத்தது. சோறு ஆக்கிப் போடுகிறவளை வணங்கத் தெரியாத வீட்டிலிருந்து வருகிற பிள்ளைக்கு எழுத்தறிவித்து என்ன பிரயோஜனம்?

நான் சொல்லுவது நீதிபோதனை மாத்திரம் என்று எண்ண வேண்டாம். நாட்டின் சட்டமும் இதையே சொல்லுகிறது. 2009ஆம் ஆண்டில் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த குழந்தைகளின் இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, ஆசிரியர்களின் கடமைகளை வரிசைப்படுத்தும்போது, பெற்றோர்களை ஒழுங்காகக் கூட்டி, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், அடைந்த முன்னேற்றம் ஆகியவற்றை அவர்களுக்குத் தெரிவிப்பதையும் ஒரு கடமையாகச் சேர்த்திருக்கிறது. பாடம் நடத்துவது எப்படிக் கடமையோ, செய்தி சொல்லுவதும் அப்படியே கடமை. அதே சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கினர் பெற்றோர்களாகவும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பதும், வருகிற மானியம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பதும் அந்தக் குழுவின் வேலை. இவ்வளவு பெரிய அதிகாரம் கையில் இருந்தும், எத்தனையோ ஊர்களில் அந்தக் குழு ஒரு கையெழுத்துப் புத்தகமாகவே வாழ்கிறது. பையன் கையில் நோட்டைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அம்மாள் கை ஈரத்தைத் துடைத்துக்கொண்டு, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்காமலே கையெழுத்துப் போடுகிறாள். கூட்டம் நடந்துவிட்டதாகக் கணக்கு. தாய்மார்களே, அடுத்த முறை நோட்டு வந்தால் திருப்பி அனுப்பிவிட்டு, நீங்களே நேரில் வாருங்கள். தலைமையாசிரியர் அவர்களே, அவர்கள் கூலி வேலைக்குப் போகும் நேரத்தில் கூட்டம் வைக்காதீர்கள்.

இப்போது செய்தி போகும் மார்க்கமும் மாறியிருக்கிறது. வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. நாளைக்கு விடுமுறை, திங்கட்கிழமை தடுப்பூசி என்பன போன்ற பொதுச் செய்திகளுக்கு அது மிகவும் பயன்படுகிறது. ஆனால் ஒரு பிள்ளையின் குறையை அந்தக் குழுவில் போடுவது, நான் எழுதிய கடிதத்தைப் பெட்டிக்கடையில் உரக்கப் படித்ததற்குச் சமானம். இராத்திரி பத்து மணிக்கு ஓர் ஆசிரியையின் பெயரைச் சொல்லி அதில் புகார் எழுதுகிற தகப்பனாரும் அதே காரியத்தைத்தான் செய்கிறார். புகழ்ச்சியைப் பலர் அறியச் சொல்லலாம். குறையைச் சம்பந்தப்பட்டவரிடம், முகம் பார்த்து, தனியே சொல்ல வேண்டும். கைப்பேசி இல்லாத வீடுகளும், இருந்தும் படிக்கத் தெரியாத வீடுகளும் இன்றும் உண்டு என்பதையும் மறந்துவிடக் கூடாது. அந்த வீடுகளுக்குக் கால்நடையாகப் போய்ச் சொல்லுவதைத் தவிர வேறு மார்க்கமில்லை.

என் உரையை முடிக்கும் முன், இரு சாராரிடமும் ஒவ்வொரு யாசகம். பெற்றோர்களே, உங்கள் பிள்ளையைப் பற்றி உங்களுக்கு மட்டுமே தெரிந்த ஒரு விஷயத்தை இந்த வாரத்திற்குள் அதன் உபாத்தியாயரிடம் வந்து சொல்லுங்கள். இருட்டைக் கண்டால் பயப்படும், தாத்தா போனதிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை, இடது கண்ணால் பலகை தெரியவில்லை, எதுவாக இருந்தாலும் சரி. யாரும் கேட்கவில்லையே என்று காத்திருக்காதீர்கள். உபாத்தியாயர்களே, நாளைக் காலையில் வருகைப் பதிவேட்டைத் திறக்கும்போது, இந்த வருஷத்தில் எந்தப் பிள்ளையைப் பற்றி அதன் வீட்டுக்கு ஒரு நல்ல வார்த்தையும் போகவில்லையோ அந்தப் பிள்ளையின் பெயரில் விரலை வையுங்கள். அன்று முழுவதும் அதைக் கவனித்துப் பார்த்து, மாலையில் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். அந்த வரியை எந்தக் கடை வாசலில், யார் உரக்கப் படித்தாலும், அந்தப் பிள்ளையின் தாய் தலை நிமிர்ந்து நின்று கேட்கும்படியாக எழுதுங்கள்.